மூடி வெட்டிய பன்னிரண்டு பெட்டிகள்

திங்கட்கிழமை காலை எட்டே முக்காலுக்கு மருத்துவமனைப் பதிவேட்டு அறையின் கதவைத் திறந்த திருப்புளி அக்கா, முதல் வரிசையைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

முதல் வரிசையில் பன்னிரண்டு மேஜைகள். ஒவ்வொன்றின் மேலும் படுத்தவாக்கில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி. மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் வெள்ளியும் சனியும் லீவு போட்டிருந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் விட்டுப்போனபோது அந்தப் பெட்டிகள் முழுசாக இருந்தன. இப்போது பன்னிரண்டின் மூடியிலும் ஆளுக்கொரு ஓட்டை. அளவெடுத்துத் துளைத்த ஓட்டையாக இருந்தாலாவது மனசு ஆறியிருக்கும். தகரம் வெட்டும் கத்தரியால் கடித்துக் குதறிய ஓட்டை. விளிம்பெல்லாம் பல் பல்லாக நின்றது. கிழிந்த சட்டையிலிருந்து முழங்கை எட்டிப் பார்ப்பதைப் போல, ஒவ்வொரு ஓட்டை வழியாகவும் ஒரு பெரிய கிராபிக்ஸ் கார்டு மூன்று விரல் உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன் விசிறியைச் சுற்றிச் சிவப்பு விளக்கு வேறு.

பதினொரு வருடமாக அந்தப் பெட்டிகளைத் தூசி தட்டி, திறந்து, மூடி, பெற்ற பிள்ளைக்குத் தலை வாரி விடுவதைப் போலப் பார்த்துக்கொண்டவள் அவள். எந்தப் பெட்டியின் விசிறி முனகும், எதன் ஸ்க்ரூ வழுக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். கையில் எப்போதும் திருப்புளி இருப்பதால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவளுடைய சொந்தப் பெயரை யாரும் பார்த்ததில்லை.

பின்னாலேயே அண்ணி வந்தாள். அந்த அறையில் வேலை பார்க்கும் முப்பத்தாறு பதிவாளர்களில் அவளும் ஒருத்தி. முதல் வரிசையில் நான்காவது இருக்கை. கைப்பையை மேஜைமேல் வைக்கப் போனவள் வைக்காமல் நின்றாள்.

"என்ன நாத்தனாரே, என் மேஜைல யாரோ எலிப்பொறி வெச்சுட்டுப் போயிருக்காங்க."

திருப்புளிக்குச் சிரிப்பு வரவில்லை. 

"யாரு அண்ணி இதைச் செஞ்சது?"

அண்ணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கொள்முதல் அறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.  அண்ணியின் கணவர்தான் அந்த மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி. திருப்புளியின் கூடப் பிறந்த அண்ணன்.

இந்த வயிற்றெரிச்சல் எங்கே ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அந்த அறையில் நடப்பது ஒரே வேலை. டாக்டர்கள் கையால் எழுதிய பழைய நோயாளிக் குறிப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் புதிய படிவத்தில் டைப் அடிக்க வேண்டும். ஒரே மானிட்டர். குறிப்பைத் திறந்தால் படிவம் மறையும், படிவத்தைத் திறந்தால் குறிப்பு மறையும். மாற்றி மாற்றி, நினைவில் சுமந்து சுமந்து அடிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு முன்னால், ஒரு அம்மாளுக்கு எந்த ஊசி ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு அடுத்த நோயாளியின் பக்கத்தில் ஏறிவிட்டது. நர்ஸ் ஒருத்தி ஊசி போடும் முன் வாய்விட்டுக் கேட்டதால் அந்த அம்மாள் பிழைத்தாள். அடித்த பெண் மூன்று நாள் அழுதாள். அதன்பிறகுதான் மேலாளர் அம்மா, எல்லா மேஜைக்கும் இரண்டிரண்டு மானிட்டர், இடப்பக்கம் குறிப்பு, வலப்பக்கம் படிவம் என்று உத்தரவு போட்டார்.

மானிட்டர் வாங்குவதில் சிக்கல் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சின்னப் பெட்டிகளின் முதுகில் மானிட்டர் வயர் செருக இருப்பது ஒரே ஒரு வாய். இரண்டாவது வேண்டுமென்றால் உள்ளே கிராபிக்ஸ் கார்டு போட வேண்டும். எந்தக் கார்டு என்று தேர்ந்தெடுத்துச் சொல்லும்படி திருப்புளியிடம் கேட்டார்கள்.

அவள் மூன்று நாள் அந்த வேலையை மட்டும் செய்தாள். பெட்டியைத் திறந்து ஸ்கேல் வைத்து அளந்தாள். பழைய அட்டைப்பெட்டி ஒன்றைக் கார்டு மாதிரியே வெட்டி, கார்டு செருகும் ஸ்லாட்டில் நிறுத்தி மூடியைப் போட்டுப் பார்த்தாள். இடித்தால் இன்னும் கொஞ்சம் வெட்டினாள். அந்தப் பெட்டிக்குள் பாதி உயரக் கார்டுதான் நிற்கும். நீளத்தில் பதினாறு சென்டிமீட்டரைத் தாண்டினால் ஹார்டு டிஸ்க்கில் முட்டும். உள்ளேயிருக்கும் பவர் சப்ளை சின்னது. தனி வயர் கேட்கும் கார்டுக்குக் கொடுக்க அதில் வயரே கிடையாது. ஆகவே ஸ்லாட்டிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்ளும் சாதாரணக் கார்டு போதும். இவர்கள் என்ன சினிமாவா எடுக்கப் போகிறார்கள், எழுத்தைத்தானே பார்க்கப் போகிறார்கள். பழைய மானிட்டருக்குப் பழைய மாதிரி வாய் ஒன்று, புதியதற்குப் புது மாதிரி வாய் ஒன்று. அவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, கார்டின் மாடலையும் குறித்து, கையெழுத்துப் போட்டு அண்ணனின் மேஜையில் வைத்தாள்.

அண்ணன் அந்தத் தாளைப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று. "இத்தினியூண்டு கார்டா? ஆபீஸுக்கு வாங்கறதுல எதுக்கு இந்தப் பஞ்சப்பாட்டு?"

அவள் விளக்கப் போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அண்ணன் கையைக் காட்டினால் அவள் நின்றுவிடுவாள். அது ஒன்பது வயதிலிருந்து வந்த பழக்கம். அப்பா போனபோது அவளுக்கு ஒன்பது, அண்ணனுக்கு இருபத்தொன்று. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இதே மருத்துவமனை ஸ்டோரில் மூட்டை தூக்கி அவளை வளர்த்தார். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் படிப்பில் சேர்த்துவிட்டவர் அவர். கல்யாணத்தில் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் நின்றவர் அவர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவரும் அவர். இதையெல்லாம் அவள் மறந்துவிடுவாளோ என்று பயந்தவரைப் போல, மாதத்துக்கு ஒரு தடவையாவது அவரே ஞாபகப்படுத்திவிடுவார்.

பெரிய கார்டுகள் முப்பத்தாறும் வந்து இறங்கியது, அவள் லீவில் இருந்த வெள்ளிக்கிழமை. அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருள் வந்தாலும் வந்த அன்றைக்கே அதன்மேல் சொத்து எண் ஒட்டிவிட வேண்டும். ஒருமுறை ஒட்டினால் உரிக்க முடியாத ஸ்டிக்கர். அது ஒட்டிய பொருளை எந்தக் கடைக்காரனும் திரும்ப எடுக்கமாட்டான். எண் ஒட்டுவதற்குமுன் ஒன்றே ஒன்றை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்ப்போம் என்று ஒரு ஜீவனுக்குத் தோன்றவில்லை. மாலை ஐந்து மணிக்குள் முப்பத்தாறுக்கும் ஒட்டி முடித்தார்கள். சனிக்கிழமை காலை முதல் கார்டை எடுத்து வைத்தார்கள். உள்ளே போகவில்லை.

கார்டு உள்ளே போகவில்லை என்றால் கார்டு தப்பு என்றுதான் உலகத்தில் எல்லோரும் நினைப்பார்கள். அண்ணன் பெட்டி தப்பு என்று முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை வெளியிலிருந்து ஆள் வரவழைத்து, முதல் தவணையாகப் பன்னிரண்டு மூடிகளை வெட்டச் சொன்னார்.

அவள் நேராகக் கொள்முதல் அறைக்குப் போனாள். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கத்தாமல் பேசவேண்டும் என்று படிக்கட்டு முழுக்கச் சொல்லிக்கொண்டே போனவள், அப்படியே பேசினாள். ஓட்டை வழியாகத் தூசி இறங்கும், யாராவது தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தால் பெட்டியோடு போகும் என்றாள். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருந்தது. தனி வயர் இல்லாததால், ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் மெல்லிய வயரில் ஒட்டு வைத்து இந்தக் கார்டுக்குக் கரண்டு எடுத்திருந்தார்கள். அந்த வயர் தாங்காது, உருகும் என்று சொன்னாள். அவர் டீயை முடித்துக் கோப்பையைக் கீழே வைத்தார். பன்னிரண்டும் எரிகிறதா இல்லையா, இரண்டு மானிட்டரும் தெரிகிறதா இல்லையா என்று கேட்டார். தெரிகிறது என்றாள். அப்புறம் என்ன என்றார்.

மறுநாள் அவரே அவளுடைய அறைக்கு வந்தார். அறை என்பது பெயருக்குத்தான்; ஸ்டோருக்கும் லிஃப்டுக்கும் நடுவில் ஒரு மேஜை, ஒரு விளக்கு, சுவரெல்லாம் பழைய கீபோர்டு. அண்ணன் அங்கே வந்து அவள் பார்த்ததில்லை. கையில் ஒரு கடிதம். கதவை அவரே சாத்தினார்.

மேலாளர் அம்மா முதல் வரிசையைப் பார்த்துவிட்டு மூடியை ஏன் வெட்டினீர்கள் என்று எழுத்தில் கேட்டிருந்தாராம். பதில் தயாராக இருந்தது. தொழில்நுட்பப் பணியாளர் அளவு எடுத்ததில் நேர்ந்த தவறு காரணமாக இந்தக் கார்டுகள் வாங்கப்பட்டன என்று அண்ணன் அழகாக எழுதியிருந்தார். அடியில் தவறை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு வரி. அதற்குக் கீழே அவள் கையெழுத்துப் போட ஒரு கோடு.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன.

"ஒரு கையெழுத்துதானேம்மா" என்றார் அண்ணன். "எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ். இப்பப் போய் என் ஃபைல்ல கறை விழுந்தா நல்லா இருக்காது. நீ சின்னவ. உனக்கு நாள் இருக்கு."

"எனக்குப் பதினொரு வருஷமா நாள் இருக்குண்ணே."

அவர் புரியாதவர்போல் பார்த்தார். அவருக்குப் புரியும். பதினொரு வருடமாக அவள் தற்காலிகப் பணியாளர். இந்த வருடம் முதல் தடவையாக நிரந்தரப் பட்டியல் தயாராகிறது. அடுத்த மாதம் மேலிடத்துக்குப் போகிறது. வேலையில் தவறு என்று ஃபைலில் ஒரு தாள் இருந்தால் அந்தப் பட்டியலில் பெயர் ஏறாது. காய்ச்சலில் படுத்த மகளுக்கு லீவு எடுத்தால் சம்பளத்தில் பிடிக்காத வேலை, நாற்பத்து மூன்று வயதுக்குமேல் நாளைக்கு இருக்குமா என்று பயப்படாத வேலை, அந்த ஒரு கோட்டுக்கு மேலேயும் கீழேயுமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அடுத்த பட்டியல்ல பாத்துக்கலாம். நான் இருக்கேன்ல."

"அடுத்தது எப்பண்ணே வரும்? நீங்க ரிட்டையர் ஆன அப்புறமா?"

அண்ணனின் முகம் கறுத்தது. பிறகு வழக்கமான பாட்டு ஆரம்பித்தது. மூட்டை தூக்கிய கதை. விட்டுப்போன படிப்பு. கல்யாணத்துக்கு ஓடிய ஓட்டம். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தனையும் உண்மை. ஒரு வார்த்தை பொய்யில்லை. அதனால்தான் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. பொய்யாக இருந்தால் சண்டை போடலாம். உண்மையையே கயிறாக்கி ஒருவர் கழுத்தில் போடும்போது என்ன செய்வது?

கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, நாளைக்குள் கொடு என்று சொல்லிப் போனார். அவள் எழுதிக் கொடுத்த தாள் எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒன்று தன் ஃபைலில் இல்லை என்றார். நகல் எடுத்து வைக்கவில்லை அவள். கூடப் பிறந்தவரிடம் கொடுக்கும் தாளுக்கு யார் நகல் எடுப்பார்கள்?

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். நாற்பது பிள்ளைகளின் கூச்சலில் பொறுமை பழகியவர். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்து அவள் கையிலேயே கொடுத்தார்.

"நல்லவேளை, மச்சானை என் பஸ் பக்கம் விடல. லாரி டயர் வாங்கியாந்து, மாட்ட முடியலன்னா பஸ்ஸை வெட்டுங்கடான்னு சொல்லியிருப்பாரு."

"விளையாடாதீங்க. போடவா, வேண்டாமா?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "போட்டா ரெண்டு வீட்டுக்கும் நடுவுல சண்டை இருக்காது. ஆனா உன் மூஞ்சி இப்ப இருக்கற மாதிரியே இருக்கும். தினம் அதைப் பாக்கப்போறவன் நான்தானே."

 அவள் கடிதத்தைக் கைப்பையில் வைத்தாள். கோடு காலியாகவே இருந்தது.

புதன்கிழமை பத்தரை மணிக்கு அண்ணி இரண்டு பெரிய குறிப்புகளை ஒரே நேரத்தில் திறந்தாள். இரண்டு மானிட்டரும் ஒரு தடவை துடித்து அணைந்தன. மூடியின் ஓட்டை வழியாக முதலில் ஒரு வாசனை வந்தது, பிளாஸ்டிக் கருகும் வாசனை. பிறகு நூல் போல ஒரு புகை. அண்ணி கொஞ்சமும் பதறாமல் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கிவிட்டு எழுந்து நின்றாள். பக்கத்து மேஜைக்காரர்கள் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு பின்வாங்கினார்கள். திருப்புளி ஓடிவந்து பெட்டியைத் திறந்தாள். ஒட்டு வைத்த வயர் உருகி, பாகு போல இழுத்துக்கொண்டு நின்றது. மீதிப் பதினோரு பெட்டிகளையும் அவளே வரிசையாக அணைத்தாள்.  

மேலாளர் அம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். பின்னாலேயே அண்ணன். முப்பத்தாறு பேரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். மேலாளர் அம்மா உருகிய வயரைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முன்னால் ஒன்றையாவது மாட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டார். விதிப்படி அன்றைக்கே ஒட்டவேண்டும் என்று அண்ணன் பதில் சொன்னார். பிறகு, அத்தனை பேர் முன்னாலும், தொண்டையைக் கனைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார்.

"தங்கச்சின்னு இத்தனை நாள் சொல்லாம இருந்தேன் மேடம். அளவு தப்பாக் குடுத்தது இவதான்."

முப்பத்தாறு முகங்கள் அவள் பக்கம் திரும்பின. யார் யாருடைய பெட்டியையெல்லாம் தரையில் மண்டியிட்டுச் சரிசெய்தாளோ அத்தனை பேரும். பாவம் என்று சில முகம், அப்படியா என்று சில முகம். அந்தப் பரிதாபத்தைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. முப்பத்து நான்கு வருடமாக அண்ணன் கையைக் காட்டினால் நின்றுவிடும் பெண் அந்த நிமிடத்தில் செத்துப்போனாள். கைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேலாளர் அம்மாவின் கையில் கொடுத்தாள்.

"இதுல என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னாரு மேடம். நான் போடல. என் அளவு தப்புன்னா எனக்கு இங்க வேலையே வேண்டாம். ஒரு மணி நேரம் குடுங்க. நான் எழுதிக் குடுத்த கார்டை வாங்கிட்டு வர்றேன். உள்ள போகுதான்னு எல்லாரும் பாருங்க."

மேலாளர் அம்மா கடிதத்தைப் படித்தார். போய் வாருங்கள் என்றார்.

நாற்பது நிமிடத்தில் திரும்பினாள். மருத்துவமனையிலிருந்து மூன்று தெரு தள்ளி, கம்ப்யூட்டர் சாமான் கடை. போகும்போதும் வரும்போதும் நடக்கவில்லை, பாய்ந்தாள். எதிரே வந்த சைக்கிள்காரர் அவள் முகத்தைப் பார்த்து ஒதுங்கினார்.

இரண்டாவது வரிசையில் வெட்டாத பெட்டி ஒன்றை மேஜை நடுவில் இழுத்து வைத்தாள். சுற்றிலும் கூட்டம். கார்டு உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அதில் பூட்டியிருந்த நெட்டைத் தகட்டின் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றினாள். கூடவே பாக்கெட்டில் சின்னப் பெட்டிகளுக்கென்று வந்திருந்த குட்டைத் தகட்டை அந்த இடத்தில் பூட்டினாள். கார்டை ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். டிக் என்றது. மூடியைப் போட்டாள். எங்கும் இடிக்காமல், வீட்டுக் கதவு சாத்துவதைப் போல மூடிக்கொண்டது.

பழைய மானிட்டரின் வயரைச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். விசிறி சுற்றியது. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது.

ஐந்து விநாடி. பத்து விநாடி. யாரோ இருமினார்கள்.

"இதுக்குத்தான் கூட்டம் கூட்டினியா?" என்றார் அண்ணன், மிக மெதுவாக, கிட்டத்தட்டப் பிரியமாக.

 அவள் மேஜைக்குப் பின்னால் குனிந்தாள். பார்த்தாள். பதினொரு வருடப் பழக்கத்தில் கை தானாகப் போய் வயரைப் பெட்டியின் பழைய வாயிலேயே செருகியிருந்தது. கார்டு உள்ளே வந்தால் அந்தப் பழைய வாய் செத்துவிடும். இது அவளே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் முதல் பாடம். கோபம் கையையும் குருடாக்கிவிட்டது. வயரை உருவிக் கார்டின் வாயில் செருகினாள். பக்கத்து வாயில் புது மானிட்டரின் வயரையும் செருகினாள்.

இடப்பக்கம் எரிந்தது. வலப்பக்கம் எரிந்தது. அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, இடப்பக்கம் குறிப்பையும் வலப்பக்கம் படிவத்தையும் திறந்தாள். ஒரு பெரிய குறிப்பு, இன்னொன்று, மூன்றாவது. எதுவும் துடிக்கவில்லை. மவுஸின் அம்பு ஒரு மானிட்டரிலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போனது. பின்னாலிருந்து யாரோ, திருப்புளின்னா திருப்புளிதான் என்றார்கள்.

அண்ணன் விடவில்லை. கொள்முதலில் முப்பது வருடம் தின்றவர்.

"இன்னிக்குச் சரியா வாங்கிட்டு வந்தா ஆச்சா? எல்லாம் தெரிஞ்ச அப்புறம் யாரு வேணா வாங்கலாம். அன்னிக்கு எனக்கு எழுதிக் குடுத்தது வேற."

கூட்டம் அடங்கியது.  தாள் அவரிடம். நகல் இல்லை. மேலாளர் அம்மா அவள் பக்கம் திரும்பினார். 

அண்ணி மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"வேற இல்ல. இதேதான். நம்ம வீட்டுச் சாப்பாட்டு மேஜைல இவ தாளை வெச்சு, கார்டு பேரு இருந்த வரிய அடிச்சுட்டு வேற எழுதினீங்க. பெரிசாப் போட்டாத்தான் மதிப்புன்னு எங்கிட்டயே சொன்னீங்க. நான் சோறு போட்டுட்டு இருந்தேன்."

 இருபத்தாறு வருடம் அவரோடு வாழ்ந்தவள், குரல் உயர்த்தாமல், முதுகைத் திருப்பிக்கொண்டு சொன்ன சொல். அண்ணன் எதையும் மறுக்கவில்லை. மேலாளர் அம்மா கையிலிருந்த கடிதத்தை அவரிடமே நீட்டி, இதை உங்கள் பெயரில் எழுதிக்கொண்டு மாடிக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் அவர் அவளுடைய வீட்டுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. கதவுக்கு வெளியே நின்றபடியே பேசினார். ஊரார் முன்னால் தன்னைக் கேவலப்படுத்திவிட்டாள் என்றார். பெண்டாட்டியைத் தனக்கு எதிராகத் திருப்பிவிட்டாள் என்றார். இனி எனக்குத் தங்கை என்று ஒருத்தி இல்லை என்றார். கணவர் எழுந்து வரப் போனார். அவள் அவரை உட்காரச் சொல்லிவிட்டுத் தானே வாசலுக்குப் போனாள்.

"நீங்க வளத்தீங்க. அதை நான் சாகற வரைக்கும் இல்லேன்னு சொல்லமாட்டேன். ஆனா வளத்ததுக்கு என் பேரைக் கேட்டீங்களே, அது குடுக்கமாட்டேன். முப்பத்தாறு பேர் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு சொன்னீங்க. வாசல்ல நின்னு பேசினா அது போகாது. அதே எடத்துல, அதே ஆளுங்க முன்னாடி வந்து சொல்லுங்க. அதுவரைக்கும் நீங்க சொன்னபடியே இருக்கட்டும். தங்கச்சி இல்ல."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு கதவிலேயே சாய்ந்துகொண்டு அழுதாள். அது இரக்கத்தில் வந்த அழுகை இல்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் போல, ஆத்திரம் இடம் போதாமல் கண் வழியாக வந்தது.

நிரந்தரப் பட்டியல் அடுத்த மாதம் போனது. இருபத்தோராவது பெயர் அவளுடையது. பெரிய கார்டுகள் முப்பத்தாறும் சொத்து எண்ணோடு ஸ்டோரின் மேல்தட்டில் அடுக்கப்பட்டன. வெட்டிய மூடிகளுக்குத் தகரம் வைத்து ஒட்டுப் போட்டார்கள். புதுக் கார்டுகள் வந்தபோது, ஒன்றை மாட்டிப் பார்க்காமல் எதற்கும் எண் ஒட்டக்கூடாது என்று மேலாளர் அம்மாவின் உத்தரவு ஸ்டோர் சுவரில் ஏறியிருந்தது. திருப்புளி ஒரு நாளைக்கு ஒன்பது என்று கணக்கு வைத்து மாட்டினாள்.

மூன்றாவது நாள் காலை பதினொரு மணிக்கு அவள் ஒரு மேஜைக்கு அடியில் மண்டியிட்டு வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தாள். அறையில் பேச்சு நின்றது. மேஜைக்கு அடியிலிருந்து அவளுக்கு ஒரு ஜோடி கறுப்பு ஷூ மட்டும் தெரிந்தது. இடது காலில் குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்த ஷூ. அப்படித் தேய்ப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்குங்க" என்றது அண்ணனின் குரல். வறண்டிருந்தது. "அளவு சரியாத்தான் குடுத்தா. மாத்தினது நான்."

அவ்வளவுதான்.  ஷூக்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன, அவள் எழுந்து வருவாள் என்று எதிர்பார்த்தவைபோல. அவள் எழவில்லை. வயரைக் கட்டும் பட்டையை இழுத்து இறுக்கினாள். ஷூக்கள் திரும்பிப் போயின. கீபோர்டுகள் மெல்ல மெல்லத் தட்டத் தொடங்கின.

அண்ணி குனிந்து மேஜைக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"ராத்திரியெல்லாம் தூங்கல அந்த மனுஷன். போதுமா?"

திருப்புளி பட்டையின் மீதி நுனியை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டாள். 

"எப்படிப் போதும் அண்ணி? உள்ள இன்னும் கொதிச்சுட்டுத்தான் இருக்கு. பேசினா பதில் சொல்லுவேன்னு அவர்கிட்டச் சொல்லுங்க. சிரிக்கமாட்டேன். அதையும் சேத்துச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றாள் அண்ணி. திருப்புளி மண்டியிட்டபடியே அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள். அன்றைக்கு இன்னும் ஆறு பெட்டிகள் பாக்கி இருந்தன.